யானைக்குப் பத்திரம் உண்டு

தாய்லாந்து நாட்டில் 2000 ஆம் ஆண்டு நாற்பத்தேழு நாட்கள் தங்கியிருந்தும் நாம் ஒரு யானையைக்கூடக் கண்டதில்லை. பாங்கொக் நகரில் நான்காம் மாடி அறையொன்றில், யன்னற் கண்ணாடிக்குப் பழைய பத்திரிகைத் தாள் ஒட்டி, பதினொரு பேர் அடைபட்டுக் கிடந்தோம். பயண முகவர் இரவில் வந்து சோற்றுப் பொதிகளும் வாக்குறுதிகளும் தந்து செல்வார். கதவு தட்டும் ஓசை கேட்டால், எமது நான்கு வயது மகளின் வாயைத் துணைவியார் பொத்துவார். இப்பத்திரிகையை வாசிக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த அறை தெரியும். வேறு தெருவில், வேறு மாடியில் இருந்திருக்கும், அவ்வளவே. ஆதலால் அதனை இங்கு விரிக்கவில்லை.

அதே மகள் 2017 ஆம் ஆண்டு ஜனவரியில், ரொறொன்ரோவில் தான் கற்ற பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில், ஓர் அரையாண்டுப் படிப்புக்காகத் தாய்லாந்தின் வடபகுதியிலுள்ள சியாங் மாய் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டாள். படிப்பதற்கு வேறு நாடு கிடைக்கவில்லையா என்று கேட்டோம். "நீங்கள் ஒளிச்சிருந்த நாட்டை நான் பகலிலை பாக்கப்போறன் அப்பா" என்றாள். அதற்குமேல் எம்மிடம் வாதம் இருக்கவில்லை.

பெப்ரவரி இறுதியில் நாமும் துணைவியாரும் அவளைப் பார்க்கச் சென்றோம். பாங்கொக் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியிடம் கனடியக் கடவுச்சீட்டை நீட்டிய கை நடுங்கியது. அதிகாரி முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அந்த முத்திரைக்காக நாம் பட்ட பாட்டை நினைத்தபோது சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

சியாங் மாயில் இறங்கிய மறுநாளே மகள் அறிவித்தாள், சனிக்கிழமை யானைச் சரணாலயம் ஒன்றுக்குப் போவதென்று. யானைமேல் ஏறிச் சவாரி செய்யலாமா என்று துணைவியார் ஆவலோடு கேட்டார். மகளின் முகம் மாறிவிட்டது. யானையின் முதுகெலும்பின் முனைகள் மேல்நோக்கி நிற்பன என்றும், அதன்மேல் ஆசனம் கட்டி நாள் முழுவதும் ஆட்களை ஏற்றுவது யானைக்குத் துன்பமென்றும், சவாரிக்கும் வித்தைக்கும் பழக்குவதற்காகக் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, ஒடுங்கிய மரக்கூண்டில் அடைத்துப் பட்டினி போட்டு அடிப்பார்களென்றும், அந்த வழக்கத்துக்குத் தாய்மொழியில் 'பஜான்' என்று பெயரென்றும் ஒரு விரிவுரையே நிகழ்த்தினாள். இருபது ஆண்டுகளுக்குக் கிட்ட வகுப்பறையில் நின்று பிறருக்கு விரிவுரை செய்த நாம், அன்று மாணவராக அமர்ந்திருந்தோம்.

உண்மையைச் சொன்னால், அவளுடைய அனுதாபம் எமக்கு இலகுவில் வரவில்லை. யானை என்றதும் எம்மவர் மனத்தில் இரண்டு உருவங்கள் எழும். ஒன்று, சுவாமியறையில் மோதகத்தோடு அமர்ந்திருப்பது. மற்றது, வன்னியில் வயல் செய்தவர்களுக்குத் தெரிந்தது. கதிர் முற்றும் வேளையில் இரவோடிரவாக இறங்கி, ஒரு போகத்தின் உழைப்பைத் தின்றும் மிதித்தும் செல்வது. எமது சிறிய தந்தையார் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்த காலத்தில், மரத்தின்மேல் பரண் கட்டி, தகரம் தட்டி, யானைவெடி கொளுத்திக் காவல் காத்த இரவுகள் எமக்கு நினைவுண்டு. வரலாறு படிப்பித்தவர் என்ற வகையில் மூன்றாவது யானை ஒன்றும் உண்டு. வன்னிக் காடுகளில் பிடிபட்டு, ஆனையிறவைக் கடந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேறி விற்கப்பட்ட யானை அது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அந்த வணிகத்தில் கண்ட இலாபத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கின்றோம். யானை என்ன நினைத்திருக்கும் என்று ஒரு மாணவன்கூட எம்மைக் கேட்டதில்லை.

சியாங் மாய் நகருக்கு வடக்கே மே தேங் ஆற்றுப் பள்ளத்தாக்கு. வீதியின் இருமருங்கும் யானை முகாம்களின் பெயர்ப்பலகைகள். அவற்றில் அரைவாசிக்கு மேல் 'சரணாலயம்' என்ற சொல் இருந்தது. அச்சொல்லை எவரும் பலகையில் எழுதலாம், அதற்குத் தடையில்லை என்றாள் மகள். அவள் தேடி விசாரித்துத் தெரிந்த இடம் சிறியது. அதன் பெயரை இங்கு குறிப்பிடவில்லை. ஒன்பது யானைகள்; சவாரி இல்லை, பந்து உதைத்தல் இல்லை, தும்பிக்கையால் ஓவியம் தீட்டல் இல்லை. ஆளுக்கு 2,400 பாத், கனடிய நாணயத்தில் தொண்ணூறு டொலருக்குச் சற்றுக் கூட. ஒரு யானை நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும் என்று கேட்டபின் அத்தொகை பெரிதாகத் தெரியவில்லை. வத்தகப்பழம், பூசணி, வாழைக்குலை, சோளத்தட்டை என்று கூடை கூடையாக வந்துகொண்டேயிருந்தன.

எங்கள் குழுவுக்கு ஒப்படைக்கப்பட்ட யானையின் பெயர் புன்மா. 'புண்ணியம் வந்தது' என்று பொருளாம். 'புன்' என்பது எமது 'புண்ணியம்' என்ற சொல்லின் உறவே. வயது அறுபதை அண்டியது. வலக்கண் தெரியாது. வழிகாட்டியான இளைஞர் அதன் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். பலமுறை ஒப்புவித்த குரல்தான், ஆயினும் கதை கேட்கத் தக்கது.

புன்மா இளமையில் காட்டில் தேக்குமரம் இழுத்தது. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாகாணத்தில் பெருவெள்ளமும் மண்சரிவும் உண்டாகி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மரம் வெட்டி மொட்டையாக்கப்பட்ட மலைகளிலிருந்து மண்ணும் மரக்குற்றிகளும் கிராமங்களின் மீது உருண்டு வந்தன. நாடு கொதித்தது. 1989 ஜனவரியில் வணிக நோக்கில் மரம் தறிப்பதை அரசு முற்றாகத் தடைசெய்தது. காட்டுக்கு நல்ல காலம். ஆனால் மரம் இழுத்த ஆயிரக்கணக்கான யானைகளுக்கும் அவற்றின் பாகர்களுக்கும் ஒரே நாளில் தொழில் போயிற்று. யானையை மாடுபோல் விற்றுவிட்டுச் சும்மா இருக்க முடியாது; கட்டி வைத்துத் தீனி போடவும் முடியாது. சில எல்லை தாண்டிப் பர்மாக் காடுகளில் மரம் இழுக்கச் சென்றன. சில உல்லாசப் பயணிகளைச் சுமந்தன. சில நகரங்களுக்கு நடந்து வந்து பிச்சை எடுத்தன. புன்மாவும் பாங்கொக் தெருக்களில் இரவில் வாகனங்களுக்கு நடுவே வாலில் சிவப்பு விளக்குக் கட்டி நின்றதாம். எந்த ஆண்டு என்று கேட்டோம். 1999 முதல் 2001 வரை என்றார் வழிகாட்டி.

துணைவியார் எம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. யன்னலில் தாள் ஒட்டியிருந்தோமே.

பின்னர் வழிகாட்டி அலுவலகத்திலிருந்து ஒரு பத்திரத்தைக் கொணர்ந்து பெருமையோடு காட்டினார். அது புன்மாவின் அடையாளப் பத்திரம். பெயர், பிறந்த காலம், உயரம், காதின் கிழிசல், உரிமையாளரின் விபரம், தோலின்கீழ்ப் பொருத்திய மைக்ரோ சிப்பின் இலக்கம், எல்லாம் அதில் இருந்தன. தாய்லாந்தின் 1939 ஆம் ஆண்டுச் சட்டமொன்று வளர்ப்பு யானையை எருமை, மாடு, குதிரையோடு சேர்த்துச் சுமைவிலங்காகவே வகைப்படுத்தியது. காட்டு யானையைக் காக்கும் சட்டம் வேறு. அந்த 1939 சட்டத்தின்படி எட்டு வயதானதும் யானையைப் பதிவுசெய்தல் வேண்டும். பதிவு இருப்பதால் இன்ன யானை இன்னாருடையது, இங்கிருந்து இங்கு சென்றது என்று கணக்கு இருக்கும். மகள் அந்தப் பத்திரத்தைப் படம் எடுத்தாள்.

மதியம் எல்லோரும் கொட்டகையில் உணவருந்தினர். புன்மாவின் பாகன் மட்டும் சற்றுத் தள்ளி மாமரத்தடியில் குந்தியிருந்து, வாழையிலையில் பொதிந்த பிசிபிசுப்புச் சோற்றை உருட்டி உண்டார். காலையிலிருந்து எம்மோடு நடந்தவர், யானையின் காதடியில் கையை வைத்தபடி மெல்லப் பேசி அதனை வழிநடத்தியவர். அவரை எமக்கு அறிமுகப்படுத்த வழிகாட்டி மறந்துவிட்டார். நாமும் கேட்கவில்லை. துணைவியார்தான், தம் கைப்பையிலிருந்த பருத்தித்துறை வடைப் பொதியை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றார். உறைப்பைக் கடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. இன்னொன்று எடுத்தார்.

மகளின் அரைகுறைத் தாய்மொழியிலும் வழிகாட்டியின் உதவியிலும் பேச்சு நடந்தது. எந்த ஊர் என்று கேட்டார். கனடா என்றாள் மகள். அவர் சிரித்து, எமது கையின் நிறத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்புக்கு முன்பே எமக்கு விளங்கிவிட்டது. அதற்கு முன் எந்த ஊர் என்று கேட்கின்றார்.

அவர் கரென் இனத்தவர். 1997 ஆம் ஆண்டு பர்மிய இராணுவத்தின் படையெடுப்பில் கிராமம் எரிந்தபோது, பன்னிரண்டு வயதில் தாயோடு ஆறு கடந்து வந்தவர். எல்லையோர முகாமொன்றில் சில ஆண்டுகள் இருந்தார். கரென் அகதிகளுக்கான முகாம்கள் அங்கு 1984 முதல் உள்ளன. தாய்லாந்து 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கைச்சாத்திடவில்லை. ஆகையால் அவற்றுக்கு அரசு இட்ட பெயர் 'தற்காலிக உறைவிடம்'. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அந்தத் தற்காலிகம் முடியவில்லை. முகாமிலிருந்தோர் வெளியே சென்று சட்டபூர்வமாக உழைக்க அரசு இணங்கியது 2025 ஓகஸ்ட் மாதத்தில்தான். எமது பாகனோ அதற்கு நெடுங்காலம் முன்பே முகாமைவிட்டு வெளியேறி, யானை அறிந்த உறவினரோடு சேர்ந்து தொழில் பழகியவர். கரென் மக்களுக்கும் யானைக்கும் உள்ள தொடர்பு தலைமுறைகள் கண்டது. மாதச் சம்பளம் 8,000 பாத் என்றார். அட்டை ஒன்று வைத்திருந்தார். அது குடியுரிமை அல்ல, வேலை அனுமதி. மாகாண எல்லையைத் தாண்டுவதானால் மாவட்டக் காரியாலயத்தில் அனுமதி பெற வேண்டும். தாயார் இறந்தபோது அனுமதி கிடைக்க இரண்டு நாள் தாமதமாயிற்று. அவர் போய்ச் சேரமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அவருடைய பெயரை இங்கு எழுதவில்லை. காரணம் வாசகர்கள் அறிவர்.

பின்னர் அவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். கனடாவில் எத்தனை ஆண்டில் பத்திரம் தந்தார்கள்? அகதிக் கோரிக்கை பதினான்கு மாதத்தில் ஏற்கப்பட்டதென்றும், குடியுரிமை ஆறாம் ஆண்டில் வந்ததென்றும் சொன்னோம். அவர் விரல்களை மடக்கித் தம்முடைய ஆண்டுகளை எண்ணினார். இரண்டு கைகளும் முடிந்து மீண்டும் தொடங்கினார். இருபது. புன்மாவைச் சுட்டி ஏதோ சொன்னார். வழிகாட்டி சிரித்துவிட்டு மொழிபெயர்க்கத் தயங்கினார். மகள் வற்புறுத்தியபின் சொன்னார்: "அதனிடம் பத்திரம் இருக்கின்றது. அதனால்தான் நான் அதற்கு மரியாதை கொடுக்கின்றேன்."

அவ்வேளை புன்மா தும்பிக்கையால் அவருடைய சோற்றிலையை இழுத்துத் தின்றுவிட்டது.

பிற்பகல் ஆற்றில் யானைகளைக் குளிப்பாட்டும் நிகழ்ச்சி. நாமும் காற்சட்டையை மடித்துக்கொண்டு வாளியோடு இறங்கினோம். படங்கள் எடுத்தோம். இன்று அதனைச் செய்யமாட்டோம். 2025 ஜனவரியில், தெற்கிலுள்ள வேறோர் இடத்தில், தாய்வானில் கல்வி கற்கச் சென்றிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில் தாக்குண்டு மாண்டார். வயது இருபத்திரண்டு. யானைக்கு எப்போது குளிக்க வேண்டுமென்று யானைக்குத் தெரியும். நாளொன்றுக்குப் பலமுறை, அந்நியர் புடைசூழ அதனை நீரில் நிறுத்துவதும் ஒரு வித்தையே. பிள்ளைகளை அங்கு படிக்க அனுப்பும் பெற்றோர் இதனை மனத்தில் வைத்தல் நன்று. 2017 இல் வெளியான ஆய்வொன்று ஆசியாவின் உல்லாசத்துறையில் ஏறத்தாழ மூவாயிரம் யானைகளின் நிலையைப் பார்த்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேலானவை மிக மோசமான நிலையில் இருந்தன.

மாலையில் புறப்படும் வேளை, ஆண்யானையொன்றின் காலில் நீண்ட சங்கிலி பூட்டுவதை மகள் கண்டாள். அவளுக்கு ஏமாற்றம். இரவில் அயலவரின் சோளத் தோட்டத்தில் இறங்கிவிடும், சென்ற மாதமும் நட்டஈடு கொடுத்தோம் என்றார் வழிகாட்டி. "பாத்தியா பிள்ளை" என்றோம், பரணில் விழித்திருந்த சிறிய தந்தையாரின் சார்பில். அவள் பதில் சொல்லவில்லை. வாகனத்தில் பாதிவழி வந்தபின், சங்கிலி தேவையில்லாத அளவுக்குக் காடு இருந்தால் இந்த இடமே தேவையில்லைத்தானே என்றாள். அதற்கு எம்மிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் அவள் எங்களை லம்பாங் மாகாணத்துக்கு அழைத்துச் சென்றாள். சியாங் மாயிலிருந்து ஒன்றரை மணிநேர ஓட்டம். அங்கு 1993 இல் சொரைடா சல்வாலா என்ற அம்மையார் நிறுவிய 'ஆசிய யானையின் நண்பர்கள்' அமைப்பின் யானை வைத்தியசாலை உள்ளது. உலகில் முதலாவது யானை வைத்தியசாலை அதுவே என்பர். துணைவியாருக்கு அங்கு போக விருப்பமில்லை. என்ன பார்க்கப் போகின்றோம் என்பதை மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

மொட்டாலா என்ற முதிய பெண்யானை 1999 இல் பர்மிய எல்லையில் மிதிவெடியை மிதித்து முன்னங்காலை இழந்தது. மோஷா என்ற கன்று 2006 இல், ஏழு மாத வயதில், அவ்வாறே இழந்தது. யானை மூன்று காலில் நெடுநாள் நிற்க முடியாது. உடற்பாரம் மற்றக் கால்களையும் முதுகெலும்பையும் வளைத்துவிடும். வைத்தியர் தெர்ட்சாய் ஜீவகேட் மோஷாவுக்குச் செயற்கைக் கால் செய்தார். யானையொன்றுக்குச் செயற்கைக் கால் பொருத்தப்பட்டது உலகில் அதுவே முதல் தடவை. 2009 இல் மொட்டாலாவுக்கும் நிரந்தரக் கால் கிடைத்தது. இந்த வைத்தியர் முன்பே ஏழைகளுக்கு இலவசக் கால் செய்தவர். தயிர்ப் போத்தல் போன்ற வீசப்பட்ட பிளாஸ்ரிக்கைக்கூடப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தவர். 2008 இல் மக்சேசே விருது பெற்றவர்.

மோஷா வேலிக்கு அருகில் வந்து நின்றது. காலையில் பாகன் தடித்த துணியுறை மாட்டி, பட்டிகளை இறுக்கி, அந்தக் காலைப் பொருத்துவார். இரவில் கழற்றுவார். வளர்ந்து எடை கூடக் கூடக் கால் பொருந்தாமற் போகும். 2016 இல் பொருத்தியது ஒன்பதாவது கால்.

ஒன்பதாவது என்று கேட்டதும் எமது நெஞ்சில் ஒரு பெயர் வந்தது. 1998 இல் வன்னியில் எம்மிடம் எட்டாம் வகுப்பில் படித்த மாணவன். விறகுக்குப் போய் மிதிவெடியில் காலை இழந்தான். செயற்கைக் கால் பொருத்தி மூன்றாம் மாதம் வகுப்புக்கு வந்தான். வந்த பிள்ளை வளர்ந்தான். வளர வளரக் கால் கட்டையாயிற்று. மாற்றிக் கொடுக்கப் பாதையும் இல்லை, பொருளும் இல்லை. மரத்துண்டு வைத்து உயர்த்திக் கட்டிக்கொண்டு வருவான். வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் கால் ஒரு தடவையோடு முடிவதில்லை என்பதை ஆசிரியராகிய நாம் அவனைப் பார்த்தே அறிந்தோம். துணைவியார் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாகனத்துக்குத் திரும்ப நேரமாயிற்று.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1997 இல் கைச்சாத்திடப்பட்டது எமது கனடாவின் ஒட்டாவாவில். தாய்லாந்து 1998 இல் அதனை ஏற்றது. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, நாம் லம்பாங் சென்று வந்த அதே ஆண்டின் இறுதியில். பர்மா சேரவில்லை. 2023 ஆம் ஆண்டில் மிதிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் உலகில் மிகுதியானோர் பாதிக்கப்பட்ட நாடு அதுவே. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

மூன்றாண்டு கழித்து, 2020 இல், கொரோனாவால் தாய்லாந்தின் உல்லாசத்துறை ஒரேயடியாக நின்றது. தீனிக்கு வழியின்றி, சியாங் மாய்ப் பகுதி முகாம்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் தம் சொந்த மலைக் கிராமங்களுக்கு நாட்கணக்கில் நடந்து திரும்பின. நாம் சென்ற சரணாலயமும் நிதி கேட்டு எழுதியது. மகளும் தோழியரும் பணம் சேர்த்தனர். நாம் நூறு டொலர் அனுப்பி, இது புன்மாவின் பாகனுக்கு என்று தெளிவாக எழுதினோம். இரண்டு வாரத்தில், யானையின் படத்தோடு அழகான பற்றுச்சீட்டு வந்தது. புன்மாவுக்குப் பத்து நாள் உணவளித்தமைக்கு நன்றி என்று அதில் இருந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. யானைக்கென்று கேட்டால் உலகம் கொடுக்கும், பாகனுக்கென்று கேட்டால் கொடுக்காது என்பதைப் பட்டறிந்து அச்சடித்த படிவம் அது. அதில் எமது குறிப்பை எழுத இடமில்லை.

2024 ஒக்டோபர் தொடக்கத்தில் மே தேங் ஆறு பெருகிப் பள்ளத்தாக்கை மூடியது. நூற்றுக்கு மேற்பட்ட யானைகளைப் பராமரிக்கும் பெரிய சரணாலயம் ஒன்று நீரில் மூழ்கி, இரண்டு யானைகள் மாண்டன. அவற்றுள் ஒன்று கண் தெரியாதது. மகள் இப்போது ஒட்டாவாவில் வேலை பார்க்கின்றாள். செய்தியைக் கேட்டு அன்றிரவே அழைத்தாள். "அந்த மனிசன் என்ன ஆனாரோ அப்பா, அவர் புன்மாவை விட்டிட்டு ஓடியிருக்க மாட்டார்" என்றாள்.

நாம் சென்ற இடத்துக்கு எழுதினோம். பதில் விரைவாக வந்தது. ஒன்பது யானைகளின் பெயர்களும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எந்த மேட்டில் நிற்கின்றது, என்ன தின்கின்றது என்று குறித்திருந்தனர். புன்மா நலம். இறுதியில், பணியாளர்களும் நலம் என்று ஒரு வரி. மகள் பாகனின் பெயரைக் குறிப்பிட்டு மீண்டும் கேட்டாள். அவர் 2022 இல் விலகிச் சென்றுவிட்டார், முகவரி இல்லை என்று பதில் வந்தது. புன்மாவை இப்போது பார்த்துக்கொள்பவரும் எல்லைக்கு அப்பாலிருந்து அண்மையில் வந்தவராம், நல்ல பிள்ளையாம்.

அவருடைய பெயர் என்ன என்று கேட்டு மகள் எழுதினாள்.